மேஜர் கற்ற மரியாதை

ரப்பர்த் தோட்டத்துக் கணக்கெழுதும் பெரிய கிராணி தங்கராஜு வலது பூட்சுக்குள் காலை விட்டார். உள்ளே வெதுவெதுப்பாக ஈரம். காலை வெளியே இழுத்து, காலுறையை விரல் நுனியால் தொட்டு மோந்து பார்த்தார். பிறகு தகரக் கூரை அதிரக் கத்தினார்.

"கமலவேணி! எங்கடி அந்தச் சனியன்?"

"எந்தச் சனியன்? மேஜர்னு பேரு வெச்சது நீங்கதான லா. பேரச் சொல்லிக் கூப்பிடுங்க" என்று அடுப்படியிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

மேஜர் கட்டிலுக்கு அடியில் இருந்தது. காது இரண்டும் விறைத்து நிற்கும் வெள்ளைக்காரச் சாதி நாய்; வயது ஆறு மாதம்கூட நிரம்பவில்லை. தங்கராஜு பிரம்பை எடுத்துக்கொண்டு குனிந்தார். நாய் சுவரோடு ஒட்டிக்கொண்டது. பிரம்பு அதுவரை எட்டவில்லை. இன்னும் குனியலாமென்றால் அவருடைய வயிறு விடவில்லை.

"மரியாத தெரியாத நாய்! வீடுன்னா என்ன, வெளின்னா என்னன்னு தெரியல."

கமலவேணி கரண்டியோடு வந்து நிலைப்படியில் நின்றாள். "நீங்க வெளிய கூட்டிட்டுப் போனாத்தான அது வெளிய போகும்? அடிச்சு அடிச்சு அது ஒண்ணு மட்டும் நல்லாக் கத்துக்கிச்சு. உங்க கண்ணுல பட்டா அடி விழும். அதான் உங்க கண்ணுக்குத் தெரியாத எடமாப் பாத்துப் போகுது. நேத்து அலமாரிக்குப் பின்னால, இன்னிக்கு பூட்சுக்குள்ள."

அவள் சொன்னதில் தப்பில்லை. குட்டியை விடியலிலும் அந்தியிலும் புல்வெளிக்கு அழைத்துப் போய்க் கூடவே நிற்க வேண்டும், அது அங்கே காரியத்தை முடித்ததும் தட்டிக் கொடுக்க வேண்டும், சீக்கிரமே பழகிவிடும் என்று தோட்டத்து மேனேஜரான வெள்ளைக்காரத் துரையே சொல்லியிருந்தார். ஆனால் புல்வெளிக்கு அப்பால் ரப்பர் மரங்கள் இருந்தன. முன்பெல்லாம் அவை வரிசை பிசகாமல் நிற்பதைப் பார்த்துத் தானே நட்டவர்போலப் பெருமைப்பட்டவர், இப்போது ஒவ்வொரு மரத்துக்குப் பின்னாலும் ஓர் ஆள் நிற்க இடம் இருக்கிறது என்பதை மட்டுமே பார்த்தார். ஆகவே வராந்தாவில் நின்றபடி நாயை நீளக் கயிற்றில் விட்டார். அது கயிறு முடியும் மட்டும் போகும். திரும்பி அவரைப் பார்க்கும். துணைக்கு வருவாரா என்று கொஞ்சம் காத்திருக்கும். பிறகு அதற்கும் பயம் வந்து உள்ளே ஓடி, தேங்காய்நார் மிதியடியில் காரியத்தை முடித்துவிடும்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்று. மலாயாவில் அவசரகாலம் வந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. ஜாசினிலிருந்து தள்ளியிருந்த அந்த ரப்பர்த் தீம்பாருக்கு வாயில் நுழையாத ஓர் ஆங்கிலப் பெயர் இருந்தது. தமிழர்கள் அதைக் கரும்பாறைத் தோட்டம் என்றார்கள். துப்பாக்கியோடு காட்டில் திரிந்த கம்யூனிஸ்டுகளைக் 'காட்டுக்காரர்கள்' என்றார்கள், அதுவும் குரலைத் தணித்துக்கொண்டு. பக்கத்துத் தோட்டத்துக் கிராணியை அவர்கள் சைக்கிளோடு கூட்டிக்கொண்டு போனார்கள். சைக்கிள் மட்டும் திரும்பக் கிடைத்தது. அந்தச் சேதி வந்த நாளிலிருந்து தங்கராஜுவுக்குச் சோறு இறங்கவில்லை. காற்றில் கதவு அசைந்தால் கொண்டியைத் தொட்டுப் பார்ப்பார். ரப்பர்க் கொட்டை வெடித்து விழுந்தால் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார்.

அரசாங்கம் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டது. ஒரே ஒரு கேட். காவலுக்கு மலாய்க்காரக் கான்ஸ்டபிள்கள். மாலை ஆறு மணிக்குத் தண்டவாளத் துண்டில் மணி அடித்துக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். அதன்பின் வெளியே நடமாடுகிறவனைச் சுடலாம். தங்கராஜுவும் வேலிக்குள் வந்துவிடுவது நல்லது என்று துரை சொன்னார். வேலிக்குள் வீடும் ஒதுக்கினார்கள்.

"லயத்துக்குள்ளயா? கூலிக்காரனோட பொதுக் குழாயில நானும் வாளியத் தூக்கிட்டு வரிசையில நிக்கிறதா?" என்று மனைவியிடம் குமுறினார் தங்கராஜு. வேலிக்கு வெளியே, மேட்டில், தனியாக நின்ற கிராணி வீட்டை விட அவருக்கு மனம் வரவில்லை. பயம் ஒரு பக்கம் இழுத்தது, அந்தஸ்து மறுபக்கம் இழுத்தது. அந்தஸ்துதான் கனமாக இருந்தது. துரையிடம் ஒரு துப்பாக்கி கேட்டார். துரை யோசித்துப் பார்த்து ஒரு நாய்க்குட்டியைக் கொடுத்தார்.

துரை வீட்டு நாய் போட்ட குட்டி! தங்கராஜுவுக்கு மண்டையில் கிரீடம் வைத்ததுபோல் இருந்தது. மேஜர் என்று பெயர் வைத்தார். லயத்துப் பிள்ளைகள் அதை 'வந்துட்டாரு', 'போயிட்டாரு' என்றுதான் சொல்ல வேண்டும் என்று கங்காணி மூலம் உத்தரவும் போட்டார். அவர் எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்குவது, குடையை மடக்குவது, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வது எல்லாம் ஏற்கெனவே நடப்பில் இருந்தவை. யாரும் போலீசிடமோ துரையிடமோ நேராக வாய் திறக்கக் கூடாது, எதுவானாலும் கிராணி வழியாகத்தான் போக வேண்டும் என்பதும் அவர் போட்ட சட்டம்தான். நாய்க்கும் அதே பாடத்தைச் சொல்லித்தர முடிவு செய்தார். வீட்டுச் சுத்தம் என்ற முதல் பாடத்தில் தோற்றுப்போன மேஜர், மரியாதை என்ற இரண்டாம் பாடத்தில் முதல் மாணவனாக நின்றது.

பாடம் எளிது. வெறுங்காலோடு யாராவது வாசல் பக்கம் வந்தால் "பிடி!" என்பார். பூட்சோ சப்பாத்தோ போட்டவர் வந்தால் நாயின் பின்பக்கத்தை அமுக்கி உட்காரவைத்து, வாயில் ஒரு பிஸ்கோத்தைப் போடுவார். நாய்க்கு ஆங்கிலமும் தெரியவில்லை, தமிழும் தெரியவில்லை; பிஸ்கோத்து தெரிந்தது. கொஞ்ச நாளில் அது மனிதர்களின் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டது. தலையைத் தாழ்த்திக் காலைப் பார்த்துவிட்டுத்தான் குரைப்பதா குழைவதா என்று முடிவு செய்யும். வெள்ளிக்கிழமை விபூதித் தட்டோடு வந்த பண்டாரத்தைக் கொய்யா மரத்தில் ஏற்றிவிட்டது. துரையிடம் ரப்பர் வாங்கும் பெரிய கடைக்காரர் கருமுட்டி பளபளக்கும் சப்பாத்தோடு வந்தபோது மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டியது.

சொந்த வீட்டிலேயே கமலவேணி பாடுதான் பெரும்பாடு. துரையைப் பார்த்துத் தங்கராஜு வீட்டுக்குள்ளும் பூட்சோடு நடப்பவர். அவள் வெறுங்காலோடு நடப்பவள். சாமி விளக்கேற்றப் போனால் குதிகாலைக் கவ்வ வந்தது. கடைசியில் அவளும் கணவரின் பழைய சப்பாத்து ஒன்றை மாட்டிக்கொண்டு சோறாக்கத் தொடங்கினாள். "கல்யாணத்துக்கு மெட்டி போட்டீங்க. நாய்க்குட்டிக்கு மரியாதையா சப்பாத்தும் போட்டுவிட்டுட்டீங்க" என்றாள்.

ஈரப் பூட்சை வெயிலில் வைத்துவிட்டு வேறு பூட்சை மாட்டிக்கொண்டு விடியலில் ஆள்கணக்கு எடுக்கும் பிரட்டுக்குப் போன தங்கராஜு, காலைப் பசியாற வீட்டுக்கு வந்தார். தோசையில் கைவைத்தபோது வாசலில் நாய் வெறிபிடித்ததுபோல் குரைத்தது. எழுந்து போய்ப் பார்த்தார்.

ஆறாம் நம்பர் காட்டில் பால் வெட்டும் அங்கமுத்து மேட்டில் ஏறி வந்துகொண்டிருந்தான். ரப்பர்ப் பால் காய்ந்து ஒட்டிய கால்சட்டை, வெறுங்கால். வாளியைக் காணோம், வேலை நேரத்தில் வாளியை விட்டுவிட்டு வருகிற ஆள் அல்ல அவன். மூச்சு வாங்கியது. அடிக்கடி பின்னால் திரும்பிப் பார்த்தான்.

"கிராணியாரே, நாயப் புடிங்க! ஒரு சேதி சொல்லணும்."

"டேய், பின்பக்கமா வரணும்னு உனக்குத் தெரியாது? முன்வாசல்ல என்னடா வேல?"

"அவசரமுங்க. கிட்ட வந்து சொல்றேன். கத்திச் சொல்ற சேதி இல்லீங்க" என்று இன்னும் இரண்டு எட்டு வைத்தான். மேஜர் பாய்ந்து அவன் கெண்டைக்காலைக் கவ்வியது. அங்கமுத்து தடுமாறி விழுந்து காலை உதறினான்.

தங்கராஜு நாயைக் கூப்பிடலாம் என்று நினைத்தார். ஆனால் மேஜர் இவ்வளவு அழகாகப் பாடம் ஒப்பித்து அவர் பார்த்ததில்லை. கையைக் கட்டிக்கொண்டு வராந்தாவில் நின்றார்.

"சேதி இருந்தா கங்காணிகிட்ட சொல்லு. அவர் எங்கிட்ட சொல்வாரு."

"கங்காணி ஜாசினுக்குப் போயிட்டாருங்க. அவர் வர்ற வரைக்கும் தாங்காதுங்க..."

"அப்ப நாளைக்கு பிரட்டுல சொல்லு. போ, போ! வாளிய எங்கடா போட்டுட்டு வந்த?"

அங்கமுத்து எழுந்தான். காலில் ரத்தம் வழிந்து பாதத்தில் இறங்கியது. வாயைத் திறந்தவன், ரப்பர்க் காட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். நொண்டிக்கொண்டே இறங்கிப் போனான். மேஜர் வாலை ஆட்டியபடி வந்து உட்கார்ந்தது. தங்கராஜு அதன் வாயில் இரண்டு பிஸ்கோத்தைப் போட்டார்.

"என்னமோ சொல்ல வந்தாரே அவரு? மூஞ்சி வெளுத்துப் போயிருந்துச்சு" என்றாள் கமலவேணி.

"லீவு கேக்க வந்திருப்பான்" என்று சொல்லிவிட்டுத் தோசையை எடுத்தார். ஆனால் அதைத் திரும்பத் தட்டில் வைத்தார். அங்கமுத்து ரப்பர்க் காட்டைத் திரும்பிப் பார்த்த பார்வை அவருக்குப் பிடிக்கவில்லை. கூப்பிட்டுக் கேட்டுவிடலாமா? ஒரு கூலிக்காரனைப் பின்னாலேயே போய்க் கூப்பிடுவதா? நாளைக்குப் பிரட்டு இருக்கிறது.

அன்று துரை மலாக்கா டவுனுக்குப் போயிருந்தார். பிற்பகலில் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. தங்கராஜு ஆபீசைச் சீக்கிரமே மூடிவிட்டு வீட்டுக்கு வந்து, ஜன்னல்களைச் சாத்தி, கொண்டிகளைப் போட்டு, நாற்காலியில் சாய்ந்தார். மேஜர் வாசலில் காவல் இருந்தது. அது குரைக்கவில்லை என்பதே அவருக்குத் தைரியம். மெல்லக் கண்ணயர்ந்தார்.

விழித்தபோது கூடத்தில் மூன்று பேர் நின்றார்கள்.

காக்கிச் சட்டை, காக்கித் தொப்பி, கையில் துப்பாக்கி. இருவர் சீனர்கள், ஒருவன் தமிழன். மூன்று பேர் காலிலும் பூட்ஸ்; தேய்ந்து வாய் பிளந்து கயிற்றால் கட்டியவை, ஆனாலும் பூட்ஸ். அவற்றுக்கு முன்னால் மேஜர் மல்லாந்து கிடந்தது. அதன் வயிற்றைத் தமிழன் துப்பாக்கிக் கட்டையால் செல்லமாக வருடிக்கொண்டிருந்தான்.

"நல்ல நாய், கிராணியாரே. மரியாத தெரிஞ்ச நாய்."

தங்கராஜு எழ முயன்றார். பக்கத்துத் தோட்டத்துக் கிராணியின் ஆளில்லாத சைக்கிள் கண்முன் வந்து நின்றது.

"ஜாஙான் தாக்குட். பயப்படாத" என்றார் மூத்த சீனர். அந்தக் குரலுக்குப் பயப்படாமலிருக்க முடியாது.

அவர்கள் அவசரப்படவில்லை. அரிசியை எடுத்தார்கள். டின் மீனை எடுத்தார்கள். காய்ச்சல் மாத்திரையை எடுத்தார்கள். அடுப்படியில் பாத்திரம் உருண்டது. கமலவேணி சுவரோடு ஒட்டி நிற்பது தெரிந்தது. பிறகு தமிழன் பூட்ஸ்களைச் சேர்க்கத் தொடங்கினான். வெயிலில் வைத்தது ஒன்று, அலமாரியில் இருந்தது ஒன்று. "காலத் தூக்குங்க" என்று தங்கராஜுவின் காலில் கிடந்ததையும் கழற்றினான். கமலவேணியின் சப்பாத்தைக்கூட விடவில்லை.

"பிள்ளைங்களா, எல்லாத்தையும் எடுத்துக்குங்க... எங்கள விட்டுருங்க..." என்றார் தங்கராஜு. 'பிள்ளைகளே' என்று அவர் வாயிலிருந்து வந்தது அவருக்கே ஆச்சரியம்.

"விட்டுட்டுத்தான் போறோம். இருட்டினதும் வருவோம். துரை பங்களாவுக்குப் பின்வழி நீங்கதான் காட்டணும். காவக்காரன் எங்க நிப்பான், எங்க தூங்குவான், எல்லாம். அதுவரைக்கும் இங்கயே இருங்க." தமிழன் பூட்ஸ் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தான். "எங்க போகப் போறீங்க? பூட்ஸ் இல்லாம கிராணி வாசப்படி தாண்ட மாட்டாருன்னு இந்தத் தீம்பாருக்கே தெரியும்."

அவர்கள் மரங்களுக்குள் மறைந்தார்கள். மேஜர் வாலை ஆட்டிக்கொண்டு அவர்கள் பின்னாலேயே போனது.

தங்கராஜு நாற்காலியிலேயே இருந்தார். வழி காட்டினால் போலீஸ் தூக்கில் போடும். காட்டாவிட்டால் இவர்கள் சுடுவார்கள். அரிசி கொடுத்ததற்கே ஜெயில் உண்டு. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு துப்பாக்கி அவர் மார்பைப் பார்த்தது.

கமலவேணி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "எழுந்திரிங்க. கேட்ட மூடுறதுக்குள்ள லயத்துக்குப் போயிரலாம்."

"வெறுங்கால்லயா? அவங்கல்லாம் பாப்பாங்களே..."

அவள் அவர் கையை விட்டுவிட்டு வெறுங்காலோடு படியில் இறங்கினாள். அவர் எழுந்தார்.

மேட்டிலிருந்து கேட் வரை திறந்த புல்வெளி. மழை தூறத் தொடங்கியிருந்தது. சரளைக்கல் குத்தும்போதெல்லாம் தங்கராஜு துள்ளினார். நாற்பது வருஷம் தோலைப் பார்க்காத மண்ணும் புல்லும் அவருடைய பாதங்களைப் புதிதாகத் தொட்டன. அதையெல்லாம் உணர அவருக்கு நேரமில்லை. முதுகு முழுதும் கண்ணாக இருந்தது. பாதி தூரம் வந்துவிட்டார்கள். வேலிக்குள் ஆட்கள் குழாயடியில் நிற்பது தெரிந்தது.

அப்போது பின்னால் குரைப்பு கேட்டது.

மேஜர் காட்டோரத்திலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தது. தலையைத் தாழ்த்தி, காதை மடக்கி, நான்கு வெறுங்கால்களைக் குறிவைத்து.

"மேஜர்! சிட்! டேய், நான்டா! நான்தான்டா!" என்றார் தங்கராஜு. அவர் முகத்தை அது பார்க்கவே இல்லை. முகத்தைப் பார்க்க அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. குதிகாலைக் கவ்வியது. அவர் அலறிக்கொண்டு ஓடினார். ஓடஓட அதற்கு உற்சாகம் ஏறியது. அது போட்ட சத்தம் மேடு முழுக்க எதிரொலித்தது. ரப்பர்க் காட்டுக்குள்ளிருந்து யாரோ ஒரு விசில் அடித்தார்கள். இன்னொரு விசில் பதில் சொன்னது.

தங்கராஜு புல்லில் விழுந்தார். விழுந்தவர் கால்களை உள்ளே இழுத்து, தொடைக்கு அடியில் ஒளித்துக்கொண்டு குந்தினார். நாய் குரைப்பை நிறுத்தியது. காணாமல்போன கால்களை மோந்து தேடியது. அவர் கொஞ்சம் எழுந்தார், குரைத்தது. உட்கார்ந்தார், நிறுத்தியது. துரையின் முன்னால் தொழிலாளிகள் குந்துவதுபோல, கரும்பாறைத் தோட்டத்துப் பெரிய கிராணி ஒரு நாயின் முன்னால் மழையில் குந்தியிருந்தார். கமலவேணி கல்லை எடுத்து எறிந்தாள். அது அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டியது.

கேட்டில் தண்டவாள மணி அடிக்கத் தொடங்கியது.

"போயிரு, கமலம். நீயாவது போயிரு" என்றார்.

கேட் பக்கம் கூச்சல். கான்ஸ்டபிள் "பாலிக்! பாலிக்!" என்று யாரையோ திரும்பச் சொல்லிக் கத்தினான். ஓர் ஆள் அதைக் கேட்காமல் கோணிச் சாக்கோடு வெளியே ஓடி வந்தான். நொண்டிக்கொண்டே ஓடி வந்தான். காலில் கந்தல் கட்டு. அங்கமுத்து.

வெறுங்காலைக் கண்டதும் மேஜர் கிராணியை விட்டுவிட்டு அவன்மேல் பாய்ந்தது. காலையில் கடித்த அதே காலுக்குக் குறிவைத்தது. அங்கமுத்து சாக்கை அதன் தலைமேல் போட்டு, அப்படியே அமுக்கி, மூட்டையாக அள்ளித் தோளில் போட்டுக்கொண்டான்.

"ஓடுங்க கிராணியாரே! ஓடுங்க லா! பின்னால பாக்காதீங்க!"

அவர்கள் உள்ளே விழுந்ததும் கேட் மூடியது. மரங்களுக்கிடையில் காக்கி நிறம் ஒன்று நகர்ந்து மறைந்ததைக் கான்ஸ்டபிள் பார்த்தான். வானத்தைப் பார்த்து இரண்டு குண்டு சுட்டான். லயம் முழுவதும் கதவுகள் சாத்தப்பட்டன. கிராணியும் கிராணியம்மாளும் அங்கமுத்துவின் ஒற்றை அறையில் அவன் மனைவி முத்தாயி கொடுத்த பாயில் உட்கார்ந்தார்கள். தங்கராஜு அங்கமுத்துவின் காலில் இருந்த கந்தல் கட்டைப் பார்த்தார்.

"அங்கமுத்து... அவங்க வருவாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"காலையிலயே தெரியுங்க. ஆறாம் நம்பர்ல என்னப் புடிச்சுக் கேட்டானுங்க. கிராணி வீடு எது, நாய் இருக்குதா, கடிக்குமான்னு. அதச் சொல்லத்தான் வாளியப் போட்டுட்டு ஓடியாந்தேன்."

முத்தாயி சுடுதண்ணீரை ஆற்றிக்கொண்டே சொன்னாள்: "நாய் இருக்கு, கடிக்கும்னுதான் இவரும் சொன்னாரு. யாரக் கடிக்கும்னு சொல்லல."

மறுநாள் காலை துரை இரும்புத் தகடு போர்த்திய காரில் வந்து இறங்கினார். கூடவே ஜாசினிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி. ஆபீஸ் முன்னால் தொழிலாளர்கள் எல்லோரையும் நிறுத்தினார்கள். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. துரைக்குத் தெரிந்த தமிழ் 'வெட்டு', 'தூக்கு', 'போ' என்பதோடு முடிந்தது. மொழிபெயர்ப்பவர் எப்போதும்போலப் பெரிய கிராணிதான். யாரோ கொடுத்த ரப்பர்ச் செருப்பைக் கூடப் போட்டுக்கொள்ளாமல் வீங்கிய கால்களோடு நின்றார்.

ஆறாம் நம்பர் காட்டில் புதிய பூட்ஸ் தடங்கள் இருக்கின்றன, அங்கே பால் வெட்டுகிறவன் யார் என்று அதிகாரி கேட்டார். அங்கமுத்து முன்னால் வந்தான்.

"காட்டுக்காரர்களைப் பார்த்தாயா?"

"பாத்தேனுங்க."

"எப்போது?"

"காலையில, வெட்டு நேரத்துல."

அதிகாரியின் முகம் இறுகியது. பார்த்தவன் சொல்லாமலிருந்தால் தடுப்பு முகாம். அதன்பின் பெண்டாட்டி பிள்ளைகளோடு இந்தியாவுக்குக் கப்பல். எல்லோருக்கும் தெரிந்த சட்டம் அது. முத்தாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏன் சொல்லவில்லை என்று கேள்" என்றார் அதிகாரி.

தங்கராஜு கேட்டார். அங்கமுத்து அவர் முகத்தைப் பார்த்தான். "உங்களுக்குத்தான் தெரியுமே கிராணியாரே. சொல்ல வந்தேன். நாய் விடல. போலீசுகிட்ட நேராப் போகக் கூடாதுன்னு உத்தரவு. நான் என்ன செய்வேன்?"

கூட்டம் முழுவதும் தங்கராஜுவின் வாயைப் பார்த்தது. அங்கமுத்து சொன்னது தமிழில் இருந்தது. அதை அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்குக் கொண்டுவர அவர் ஒருவர்தான் படகு. 'அவன் பயந்துவிட்டானாம்' என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். துரைக்கு எதுவும் தெரியாமலே போகும். பெரிய கிராணி பதவி இருக்கும், மேட்டு வீடு இருக்கும். நேற்று மாலை புல்வெளியில் பயந்ததைவிட இப்போது அதிகமாகப் பயந்தார். ஆனால் இப்போது அவரைப் பயமுறுத்திய அந்தக் கூட்டத்தில் யாரும் கையில் துப்பாக்கி வைத்திருக்கவில்லை.

கமலவேணி பெண்கள் வரிசையில் நின்றாள். அவர் திரும்பிப் பார்த்தபோது அவள் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை.

தங்கராஜு அதிகாரி பக்கம் திரும்பினார். ஆங்கிலத்தில் சொன்னார்: "இந்த ஆள் நேற்றுக் காலையே என் வீட்டுக்கு வந்து சொல்ல முயன்றார், சார். நான்தான் நாயை ஏவிவிட்டு விரட்டினேன். வெறுங்காலோடு வந்தார் என்பதற்காக. உங்களிடம் நேராக வரக் கூடாது என்று சட்டம் போட்டவனும் நான்தான். தண்டனை இருந்தால் அது எனக்குத்தான்."

அதிகாரி துரையைப் பார்த்தார். துரையின் காது சிவந்தது. கடைசியில் அதிகாரி அங்கமுத்துவை வரிசைக்குத் திரும்பச் சொன்னார். துரை தங்கராஜுவிடம், இனி மேட்டு வீடு கிடையாது, பதவி பற்றிப் பிறகு பேசலாம் என்றார். அப்புறம் ஆபீஸ் தூணில் கட்டியிருந்த மேஜரைச் சுட்டிக்காட்டி, உதவாத நாய், சுட்டுவிடலாம் என்றார்.

"வேண்டாம், சார்" என்றார் தங்கராஜு. "நான் சொல்லிக்கொடுத்ததை அது ஒரு தப்பில்லாமல் செய்தது. குற்றம் பாடத்தில்."

வெள்ளைக்காரர்கள் போனதும் கூட்டம் கலையாமல் நின்றது. என்ன பேசினார் என்று யாருக்கும் புரியவில்லை. அங்கமுத்துவை விட்டுவிட்டார்கள் என்பது மட்டும் புரிந்தது.

"என்னத்தங்க சொன்னீங்க தொரகிட்ட?" என்று கேட்டான் அங்கமுத்து.

தங்கராஜு எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார்: "உள்ளதச் சொன்னேன். நாய்க்கு நான் மரியாத கத்துக் குடுக்கல, அங்கமுத்து. காலப் பாத்து மனுஷன எடபோடுற என் கெட்ட புத்தியத்தான் கத்துக் குடுத்தேன். அடிச்சு வளத்தா நாயும் ஒளியும், ஆளும் ஒளிவான். அப்புறம் ஆபத்து வர்றப்ப ஒரு வார்த்த சொல்ல வாசலுக்கு எவன் வருவான்? எளியவன வாசல்ல நிறுத்தி அவமானப்படுத்துறவன் தன் காவலத் தானே வெளிய தள்ளிக் கதவச் சாத்திக்கிறான். இத நான் கத்துக்க மூணு துப்பாக்கி வேண்டியிருந்துச்சு."

"பேச்சு நல்லாத்தான் இருக்கு" என்றாள் முத்தாயி. "இவரு கடி பட்டுட்டு நிக்கிறாரு. ஆஸ்பத்திரிக்கு லாரி சொல்லுங்க மொதல்ல."

லாரி வந்தது. டிரைவருக்குப் பக்கத்து ஆசனம் கிராணிக்குரியது. மற்றவர்கள் பின்னால் தொற்றிக்கொள்வதுதான் வழக்கம். அங்கமுத்து பழக்க தோஷத்தில் பின்பக்கம் நொண்டிக்கொண்டு போனான். தங்கராஜு முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"இங்க ஏறுங்க, அங்கமுத்து."

அங்கமுத்து தயங்கினான். "எனக்குப் பழக்கமில்லீங்களே, கிராணியாரே."

"எனக்குந்தான் பழக்கமில்ல" என்றார் தங்கராஜு. "ஏறுங்க. பழகிக்குவோம்."